மூக்கையனுக்கு வைரத் திட்டம்

கொட்டிக்குளத்தின் கரையில் மூக்கையன் என்றொரு நாய் இருந்தது.

காட்டுக் குளத்தில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். அது ஆட்டு மந்தையோடு வந்த நாய். மந்தை ஊருக்குத் திரும்பிய நேரத்தில் அது குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் குடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது மந்தையைக் காணவில்லை. சரி என்று அங்கேயே தங்கிவிட்டது. அதன் பிறகு பதிமூன்று மழைக்காலம் போய்விட்டது.

அங்கே அதற்கு ஓர் உத்தியோகமும் கிடைத்தது. காலையிலும் மாலையிலும் மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும். மூக்கையன் காற்றை முகர்ந்து பார்க்கும். ஒரு முறை குரைத்தால், வரலாம். இரண்டு முறை குரைத்தால், சிறுத்தை இருக்கிறது, ஓடு. சம்பளம் எதுவும் கிடையாது. ஆனால் குடித்துவிட்டுப் போகிறவர்கள், "வரேன் மூக்கையா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மூக்கையனுக்கு அது போதும்.

ஒரு நாள் காலையில் மூக்கையன் இரண்டு முறை குரைத்தது. மான்கள் பறந்தன. முயல் தலையை மட்டும் புதருக்குள் நுழைத்துக்கொண்டு, தான் முழுவதும் மறைந்துவிட்டதாக நினைத்து நடுங்கியது.

வந்தது சிறுத்தை இல்லை. சேற்றிலிருந்து எழுந்து வந்த பொன்னாத்தா எருமை.

அந்த வாரத்தில் பொன்னாத்தா சிறுத்தையானது அது மூன்றாவது முறை. முதல் முறை அதற்குக் கோபம் வந்தது. இரண்டாவது முறை சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை பயம் வந்தது. ஏனென்றால் பொன்னாத்தாவின் வாடை லேசில் தப்பிவிடுகிற வாடை இல்லை. அடுத்த மலையில் இருப்பவர்களுக்கும் அது தெரியும்.

மன்னிப்புக் கேட்பதற்காக மூக்கையன் எழுந்து நிற்கப் பார்த்தது. முன்னங்கால்கள் எழுந்தன. பின்னங்கால்கள் வரவில்லை. ஏதோ வேறு யாருடைய கால்களோ என்பது போல அவை தரையிலேயே கிடந்தன. மூக்கையன் திரும்பி அவற்றை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெதுவாக வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு, வாலை மட்டும் இரண்டு தட்டுத் தட்டியது.

மூக்கையனுக்கு வயதாகிவிட்டது என்று எல்லோருக்கும் அன்றுதான் தெரிந்தது.

காலம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது என்று முயல் மெல்ல ஆரம்பித்தது. பொன்னாத்தா கொம்பை ஆட்டியது. "இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தா முட்டித் தூக்கிடுவேன். மூக்கையனுக்கு ஒண்ணும் ஆகாது." முயல் மறுபடி தலையைப் புதருக்குள் வைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து பணிவிடை தொடங்கியது.

முயல் ஒரு கட்டு அருகம்புல்லைக் கொண்டுவந்து மூக்கையனின் வாயருகே குவித்தது. முயலுக்கு உடம்பு முடியாதபோது அதுதான் ஒத்துக்கொள்ளும். வௌவால் வந்து பார்த்துவிட்டு, கால் வலி என்றால் தலைகீழாகத் தொங்குவதைப் போல் சுகம் எதுவுமே இல்லை என்று அடித்துச் சொன்னது. நல்ல வேளையாக அதனால் மூக்கையனைத் தூக்க முடியவில்லை. கொக்கு, ஒரு காலில் நின்று பழகினால் மற்ற மூன்று கால்களுக்கும் ஓய்வு கிடைக்குமே என்றது. பொன்னாத்தா யாரிடமும் பேசாமல் மூக்கையனை மூக்கால் உருட்டிக்கொண்டு போய், கழுத்து வரைக்கும் சேற்றில் இறக்கிவிட்டது. மூட்டு வலிக்குச் சேற்றை விட்டால் வேறு மருந்து ஏது?

"நல்லாயிருக்கா?" என்று கேட்டது.

"ரொம்ப நல்லாயிருக்குக்கா," என்றது மூக்கையன். அதன் பற்கள் குளிரில் கிடுகிடுவென்று ஆடின.

மூக்கையன் மரியாதை தெரிந்த நாய். புல்லையும் இரண்டு வாய் மென்றது. அதனால் அது சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

நம்பாத ஆள் ஒன்றே ஒன்றுதான். மூக்கையனின் இடது காதுக்குள் குண்டுமணி என்ற உண்ணி குடியிருந்தது. பெயருக்கு ஏற்ற உருண்டை உடம்பு. காதுக்குள்ளேயே இருப்பதால் மற்றவர்கள் கேட்காத முனகலெல்லாம் அதற்குக் கேட்கும். ஆனால் ஓர் உண்ணியிடம் யார் போய் அபிப்பிராயம் கேட்பார்கள்?

நான்காம் நாள் உடும்பு வந்தது.

அது காட்டின் மேற்குப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் உடும்பு. தன்னை வைத்தியர் உடும்பப்பன் என்று அழைத்துக்கொள்ளும். அது மூக்கையனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. "ம்ம்ம்" என்றது. பிறகு மூக்கையனிடம் ஒன்றும் கேட்காமல் மற்றவர்களைத் தனியாக ஆலமரத்தடிக்கு அழைத்துப் போனது.

இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டது. ஆனாலும் வழி இருக்கிறது என்றது. மூன்று திட்டங்கள். வெள்ளித் திட்டத்தில் பச்சிலைப் பற்று. தங்கத் திட்டத்தில் பச்சிலைப் பற்றும் வாலால் நீவிவிடுவதும். வைரத் திட்டத்தில் இரண்டும் உண்டு. கூடவே சிறப்புக் கவனிப்பும் உண்டு. ஒரே மாதத்தில் மூக்கையன் குட்டி போலத் துள்ளும். கட்டணம் முட்டையாகக் கொடுத்தால் போதும். வெள்ளிக்குப் பத்து, தங்கத்துக்கு முப்பது, வைரத்துக்கு நூறு.

"நூறா?" என்றது கௌதாரி சொர்ணம்.

உடும்பு கோபப்படவில்லை. மிகவும் கனிவாகச் சொர்ணத்தின் பக்கம் திரும்பியது. "உங்க பிரியம் பத்து முட்டைதான்னா பத்தே குடுங்கம்மா. நான் யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை. நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, இன்னும் கொஞ்சம் குடுத்திருக்கலாமேன்னு உங்க மனசு கேட்கும். அதுக்குத்தான் சொல்றேன்."

"வைரம்," என்றது பொன்னாத்தா. "என் மூக்கையனுக்கு வைரம்தான்."

வைரம்தான் என்று முயலும் சொன்னது. வைரத்தைத் தவிர வேறெதுவும் தன் காதில் விழவே இல்லை என்றது குரங்கு. ஓட்டெடுப்பு நடந்தது. முட்டை போடாதவர்கள் எல்லோரும் வைரத்துக்குக் காலைத் தூக்கினார்கள். முட்டை போடுகிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு, தூக்காவிட்டால் கல்நெஞ்சக்காரி என்று பெயர் வந்துவிடுமே என்று அவர்களும் தூக்கினார்கள். கொக்கு முதலிலிருந்தே ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. அதன் ஓட்டைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது.

வைரத் திட்டம் நிறைவேறியது.

வைத்தியம் மறுநாளே தொடங்கியது. உடும்பு வேப்பம்பட்டையை மென்று மூக்கையனின் வாயில் துப்பியது. ஒரு முட்டையைத் தின்றது. தன் முரட்டு வாலால் மூக்கையனின் இடுப்பை நீவியது. இன்னொரு முட்டையைத் தின்றது. முட்டைகளை வைத்தியரே தின்றுகொண்டிருந்தால் எப்படி என்று குரங்கு கேட்டது. முட்டையின் சத்து வைத்தியரின் உடம்புக்குள் போய், அங்கிருந்து வால் வழியாகத்தான் நோயாளிக்கு இறங்கும் என்று உடும்பு விளக்கியது. நோயாளிக்கு நேரடியாகக் கொடுத்தால் சூடு பிடித்துவிடுமாம். குரங்குக்குப் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையை ஆட்டியது.

மூன்றாம் நாள் உடும்பு மூக்கையனைக் குளக்கரையிலிருந்து அப்புறப்படுத்தியது. குளத்தில் சத்தம் அதிகம், நோயாளிக்கு அமைதி வேண்டும் என்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கரையான் புற்று. அதன் அடியில்தான் சிறப்புக் கவனிப்பு. யாரும் கிட்டே வரக்கூடாது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெயில் உச்சிக்கு வந்ததும் வந்து, காரைப் புதருக்குப் பின்னால் நின்று, ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். பேசக்கூடாது.

பொன்னாத்தா தினமும் வந்து எட்டிப் பார்த்தது. மூக்கையன் அசையாமல் கிடப்பது தெரியும். அமைதியாக இருக்கிறான், குணமாகிக்கொண்டிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு திரும்பிப் போகும்.

மூக்கையன் குணமாகவில்லை. யாருடைய குரலும் கேட்காத இடத்தில் அது தனியாகக் கிடந்தது. வேப்பம்பட்டையால் வயிறு எரிந்தது. இரவு பகல் தெரியாமல் முனகியது.

இந்த முனகல் இன்னொரு ஆளின் தூக்கத்தைக் கெடுத்தது. புற்றுக்குள் சுருளாண்டி என்ற கட்டுவிரியன் பாம்பு வசித்தது. அது ராத்திரியில்தான் வெளியே போகும். பகலெல்லாம் உடம்பைச் சுருட்டி, தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு தூங்கும். அந்தக் காட்டில் அதைக் கண்டால் ஓடாத மிருகம் கிடையாது. அதனாலேயே அதற்கு யாரிடமும் பேசிப் பழக்கமில்லை. ஒரு நாள் மத்தியானம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டே தலையை வெளியே நீட்டியது. ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டது. கேட்டதும் வெட்கம் வந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஆமாம்பா," என்றது மூக்கையன். எத்தனையோ நாளாக அதனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

உடும்பு வராத நேரங்களில் இரண்டும் பேசிக்கொண்டன. பேச்சு முழுவதையும் காதுக்குள்ளிருந்து குண்டுமணி கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்குள் காட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. அறுபத்திரண்டு முட்டை போயிருந்தது. காடை கொடுத்துவிட்டது. நீர்க்கோழி கொடுத்துவிட்டது. ஆமைகூட அழுதுகொண்டே ஆறு முட்டையைத் தோண்டிக் கொடுத்தது. இனி மிச்சம் இருந்தது சொர்ணத்தின் கூடுதான். அதில் ஒன்பது முட்டை. எல்லாம் இன்னும் ஐந்தாறு நாளில் பொரிந்துவிடும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே சின்னதாகக் கொத்துகிற சத்தம் வரும்.

வைத்தியத்தைப் பாதியில் விட்டால் மூக்கையன் அன்றே போய்விடும், அந்தப் பழியைச் சொர்ணம் சுமக்கத் தயாரா என்று உடும்பு சொல்லியனுப்பியது.

சொர்ணத்தை ஒரு முறை கீரியிடமிருந்து காப்பாற்றியது மூக்கையன்தான். அது அழுதுகொண்டே ஒரு முட்டையை வயிற்றால் அணைத்து, கால் கால் அடியாக மேட்டின் மேல் உருட்டிக்கொண்டு வந்தது. உடும்பு அப்போது அங்கே இல்லை. அறுபத்திரண்டு முட்டையின் பாரத்தில் எங்கோ நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அடியே சொர்ணம், நில்லு," என்று ஒரு கீச்சுக் குரல் கேட்டது.

சொர்ணம் சுற்றிலும் பார்த்தது. குரல் மூக்கையனின் காதிலிருந்து வந்தது. காதோரத்தில் உருண்டையாக ஏதோ தெரிந்தது. கௌதாரிக்கு உண்ணி என்றால் உயிர். சொர்ணத்தின் கழுத்து தன்னையறியாமல் நீண்டது.

"முதல்ல என்னைத் தின்ன மாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றது குண்டுமணி.

சொர்ணம் எச்சிலை விழுங்கிக்கொண்டு சத்தியம் செய்தது.

"நான் இவரு காதுல பதினோரு மாசமா குடியிருக்கேன். இவரு எனக்கு ஹவுஸ் ஓனர். இவரு போயிட்டா எனக்கு வீடு போச்சு. இவரு இருக்கணும்னு உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் அதிக ஆசை இருக்கணும். அந்த நானே கேட்கிறேன். உங்கள்ல ஒருத்தராவது இவருக்கு என்ன வேணும்னு இவரைக் கேட்டீங்களா?"

சொர்ணம் யோசித்தது. வைத்தியரைக் கேட்டிருந்தார்கள். குரங்கைக் கேட்டிருந்தார்கள். கொக்கின் காலை எண்ணலாமா என்றுகூடக் கேட்டிருந்தார்கள்.

அது முட்டையை ஓரமாக வைத்துவிட்டு மூக்கையனின் முகத்தருகே போய் உட்கார்ந்தது. "மூக்கையண்ணே, உங்களுக்கு என்ன வேணும்ணே?"

மூக்கையன் காதைத் தூக்கிப் பார்த்தது. கேள்வி அவ்வளவு புதிதாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னது. குளத்துக்குப் போகிற வழியில் இருக்கும் புங்க மரத்தடியில் படுத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிழலும் உண்டு, ஆளும் உண்டு. மூக்கு போய்விட்டதால் யார் வருகிறார்கள் என்று தெரிவதில்லை. போகிறவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். ஒரு மீன் தலை கிடைத்தால் சந்தோஷம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. புல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னது. வலி தாங்க முடியாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு இழுத்துப் பிடிக்க வேண்டாம். சுருளாண்டியின் கடி எறும்புக் கடி அளவுகூட வலிக்காதாம். தூக்கம் வருமாம். அந்தத் தூக்கம் கலையாதாம். தன்னிடம் அது கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னதாம். அந்த நாள் வந்தால் அதைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சொர்ணம் முட்டையைத் திரும்ப உருட்டிக்கொண்டு குளத்துக்கு ஓடியது.

சொன்னதைக் கேட்டதும் பொன்னாத்தா சீறியது. "பாம்பைக் கூட்டியாந்து கொல்லச் சொல்றியா? ஒன்பது முட்டைக்கு ஆசைப்பட்டு இந்தப் பேச்சு பேசுறியா?"

ஒருவேளை அதுதான் காரணமோ என்று சொர்ணத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் உடும்பும் வந்து சேர்ந்தது. உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுங்கள், வைரத் திட்டத்தில் இன்னும் முப்பத்தெட்டு முட்டை பாக்கி என்று நினைவுபடுத்தியது.

நானே கேட்டுக்கொள்கிறேன் என்று பொன்னாத்தா மேட்டை நோக்கி நடந்தது. பேசக்கூடாது, எட்டித்தான் பார்க்க வேண்டும் என்று உடும்பு பின்னாலேயே ஓடியது. பொன்னாத்தா காரைப் புதரைச் சுற்றிப் போகவில்லை. அதன் வழியாகவே போனது. அதற்கப்புறம் அங்கே புதர் இல்லை.

கிட்டத்தில் பார்த்ததும் பொன்னாத்தா நின்றுவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தபோது மூக்கையன் அமைதியாக இருப்பதாகத் தெரிந்தது. கிட்டத்தில் அதன் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. வாயோரத்தில் வேப்பம்பட்டைச் சக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"மூக்கையா, என்னை விட்டுட்டுப் போகணும்னு ஆசையா உனக்கு?"

"ஆசை இல்லக்கா," என்றது மூக்கையன். "ஆனா போகத்தான் போறேன். இங்க தனியா போகவா, அங்க உங்க பக்கத்துல இருந்து போகவா, அதைத்தான் கேட்கிறேன்."

பொன்னாத்தாவின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. எருமைகளுக்கு எப்போதும் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டும் என்பதால் அது அழுகிறதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"சேறு?" என்று கடைசியில் கேட்டது. "அன்னிக்கு நல்லாயிருக்குன்னு சொன்னியே?"

"குளிர்ல செத்தேன்க்கா."

பொன்னாத்தாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. முன்கால்களை மடக்கித் தரையோடு தரையாகப் படுத்தது. பின்னால் வந்திருந்த குரங்கு தள்ள, மூக்கையன் அதன் முதுகில் ஏறிக்கொண்டது. சொர்ணத்தின் பக்கத்தில் வந்தபோது பொன்னாத்தா நடையை நிறுத்தியது. தப்பாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றது.

உடும்பு வழியை மறித்தது. பாக்கி முப்பத்தெட்டு முட்டைக்கு என்ன பதில் என்றது. வைரம் என்று முதலில் சொன்னது பொன்னாத்தாதானே?

"நியாயம்தான், வைத்தியரே," என்றது பொன்னாத்தா. "நான் சொன்னதுக்கு நான்தான் குடுக்கணும். ஆனா என்கிட்ட முட்டை இல்லை. என்கிட்ட இருக்கிறதைத் தரேன், வாங்கிக்கங்க."

அது மெதுவாகத் திரும்பி நின்று வாலைத் தூக்கியது.

பொன்னாத்தா அன்று காலையிலிருந்து மேய்ந்திருந்தது. பாக்கி முழுவதும் ஒரே தவணையில் தீர்ந்தது. வைத்தியர் உடும்பப்பனின் மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு அது அந்தப் பக்கம் வைத்தியம் பார்க்க வரவில்லை.

புங்க மரத்தடியில் மூக்கையனுக்கு இடம் தயாரானது. செலவென்று பார்த்தால் ஒன்றும் இல்லை. குரங்கு காய்ந்த சருகைக் கொண்டுவந்து பரப்பியது. கொக்கு தினமும் ஒரு மீன் தலையைப் போட்டுவிட்டுப் போனது. முயலுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க முடியவில்லை. புல்லைக் கொண்டுவந்து, மூக்கையன் பார்த்துக்கொண்டிருக்கத் தானே தின்றது. அதுவும் துணைதான் என்று மூக்கையன் சொல்லிவிட்டது.

தண்ணீருக்கு வருகிறவர்கள் பெயர் சொன்னார்கள். "சொர்ணம் வந்திருக்கேண்ணே." "முயல்." "கொக்கு, கொக்கு." மான் கூட்டத்தில் நாற்பது மான்கள். நாற்பதும் பெயர் சொல்லிவிட்டுக் குடித்து முடிக்கப் பொழுது ஏறிவிடும். பொன்னாத்தா பெயர் சொன்னபோது மட்டும், நீங்க சொல்ல வேண்டாம்க்கா, எல்லாருக்கும் தெரியும் என்றது மூக்கையன். அந்தக் கேலியைக் கேட்பதற்காகவே பொன்னாத்தா ஒரு நாளைக்கு ஆறு முறை தண்ணீர் குடிக்க வந்தது.

சொர்ணத்தின் முட்டைகள் பொரிந்தன. ஒன்பது குஞ்சுகளும் மூக்கையனின் வயிற்றை மேடென்று நினைத்து ஏறி இறங்கின. ஒரு குஞ்சு குண்டுமணியைக் கொத்தப் பார்த்தது. சத்தியம் உன் அம்மா செய்ததுதான், ஆனால் அது உனக்கும் சேர்த்துத்தான் என்று காதுக்குள்ளிருந்து ஒரே கூச்சல்.

இப்படிப் பதினெட்டு நாள் போனது. பத்தொன்பதாம் நாள் காலையில் மூக்கையனால் தண்ணீரை விழுங்க முடியவில்லை. கொக்கு கொண்டுவந்த மீன் தலை அப்படியே கிடந்தது. பெயர் சொன்னவர்களுக்கு வால் அசையவில்லை. உச்சிப்பொழுது ஆனபோது மூக்கையன் பொன்னாத்தாவைப் பார்த்தது.

"அக்கா. இன்னிக்கு."

பொன்னாத்தா முட்டுவேன் என்று சொல்லவில்லை. புற்றுக்கு நடந்து போய்த் தானே கூப்பிட்டது.

சுருளாண்டி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது. வெயிலில் அதற்குக் கண் கூசியது. இரண்டு முறை தவறான மரத்தடிக்குப் போனது. அதைக் கண்டதும் மான்கள் விலகின. குரங்கு மரத்தில் ஏறி, அப்புறம் வெட்கப்பட்டு இறங்கியது. இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததும் சுருளாண்டி உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. வெளியே எடுக்கச் சொல்லி மூக்கையன்தான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, நிச்சயமா இன்னிக்கா?" என்று அது கேட்டது. "வேணாம்னா இப்பவே போயிடறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

"இன்னிக்குத்தான்பா."

மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் அதே பதில் வந்தது.

குண்டுமணி காதிலிருந்து இறங்கியது. அதற்கு அரை நாழிகை பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அது பொன்னாத்தாவின் கால் வழியாக ஏறி, உடம்பெல்லாம் கடந்து, அதன் இடது காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரே எதிரொலியாக இருக்கிறது என்று ஒரு குறை சொன்னது.

உனக்கு நாங்கள் என்ன தர வேண்டும் என்று சொர்ணம் சுருளாண்டியைக் கேட்டது.

"ஒண்ணும் வேணாங்க," என்றது சுருளாண்டி. "என்னை யாரும் இதுவரைக்கும் எதுக்கும் கூப்பிட்டதில்லை."

அது மூக்கையனின் முன்னங்காலருகே போனது. எப்போது கடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னும் இல்லையா என்று மூக்கையனே கேட்டது. ஆகிவிட்டது அண்ணே என்று சொல்லிவிட்டுச் சுருளாண்டி ஓரமாகச் சுருண்டுகொண்டது.

அப்போது முயல் தன் பெயரைச் சொன்னது. அடுத்து கொக்கு சொன்னது. குரங்கு, காடை, ஆமை, நாற்பது மான்கள், ஒன்பது குஞ்சுகள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மூக்கையனின் கண் மெல்ல மெல்ல மூடியது. பொன்னாத்தா தன் பெரிய தாடையை அதன் கழுத்தின் மேல் பாரமில்லாமல் வைத்திருந்தது. பெயர்கள் முடிந்துபோனதும், போதாது என்று நினைத்தோ என்னவோ, முயல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்தச் சுற்றின் நடுவில் எங்கேயோ மூக்கையன் தூங்கிவிட்டது.

பொழுது சாயும் வரையில் யாரும் எழுந்து போகவில்லை. வெகுநேரம் கழித்துப் பொன்னாத்தாவின் காதுக்குள்ளிருந்து, வீடு பெரிசாத்தான் இருக்கு, ஆனா பழைய வீடு மாதிரி வராது என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. வராதுதான் என்று பொன்னாத்தா ஒத்துக்கொண்டது.

நமக்குப் பிரியமானவரின் கடைசி நாட்களில் நம் மனம் ஆறுவதற்கு எதை வேண்டுமானாலும் கொட்டிக் கொடுப்பதை விட, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் செய்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதே அன்பு.